மையும் தாளும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாத்தா வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கணினித் திரையில் அவர் முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது. நல்ல தாளில் அச்சிட்டால் முகம் இருட்டில் மறைந்துவிடுகிறது. பிரகாசத்தைக் கூட்டிக் கூட்டி மூன்று முறை அச்சிட்டேன். இப்போது சட்டை வெளுத்து, முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டது. பிரிண்டரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். படக்கோப்புடன் மூன்று அச்சுகளையும் சேர்த்து அனுப்பினீர்களே, அதற்கு நன்றி. முதல் அச்சை மாலை நேரத்தில் அறை விளக்கின் கீழ் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, முகம் இருட்டாகத்தான் இருந்தது. மறுநாள் காலை அதே அச்சை நேர் வெயில் விழாத ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். இடது கண்ணுக்குக் கீழே உள்ள மடிப்பு தெரிந்தது. காதோரத்து நரைமுடி தனித்தனியாகத் தெரிந்தது. மை விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறது. உங்கள் முதல் அச்சு கெட்ட அச்சு அல்ல.

திரை தானே ஒளி விடுகிறது. தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையில் இருப்பதை இரவல் வாங்கித்தான் திருப்பித் தருகிறது. பெட்டியிலிருந்து எடுத்து வைத்தபடியே ஓடும் மானிட்டர் பெரும்பாலும் அச்சு வேலைக்குத் தேவையானதைவிட இரண்டு மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். அதைப் பார்த்துத் திருத்தும் கை, தன்னை அறியாமல் படத்தை இருட்டாக்கிவிடும். ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (திரை விடும் ஒளியின் அளவு) வரை போதும். திரைமேல் தொங்கவிட்டு அளக்கும் கருவி இருந்தால் அதைக்கொண்டு மானிட்டரைச் சீர்செய்யுங்கள். இல்லையென்றால், நீங்கள் அச்சைப் பார்க்கும் அதே வெளிச்சத்தில், நீங்கள் அச்சிடும் அதே தாளில் எழுதாத ஒன்றைத் திரையின் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே வெண்மையாகத் தெரியும்வரை மானிட்டரின் பிரகாசத்தைக் குறையுங்கள். கருவியின் துல்லியம் இதில் வராது. ஆனாலும் உங்கள் மூன்று அச்சுகளில் இரண்டு மிஞ்சியிருக்கும்.

அடுத்தது, அச்சை எங்கே பார்த்து முடிவு செய்கிறீர்கள் என்பது. அச்சுகளை ஒப்பிடுவதற்கான ஐஎஸ்ஓ 3664 தரம் பகலொளியை ஒத்த விளக்கைத்தான் கேட்கிறது: நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ். அந்த வசதி வீட்டில் இல்லாவிட்டால் ஜன்னல் போதும். ஒவ்வொரு முறையும் அதே ஜன்னலாக இருக்கட்டும். பிறகு, தாத்தாவை எந்தச் சுவரில் மாட்டப்போகிறீர்களோ அங்கே ஒரு முறை கொண்டுபோய்ப் பாருங்கள். அந்தச் சுவர் இருட்டானது என்றால் அதற்கென்று கொஞ்சம் வெளிச்சமாகவே அச்சிடுவது தவறில்லை. படம் வாழப்போகும் இடம் அதுதானே.

மூன்றாவது அச்சில் நடந்தது வேறு. மொத்தப் பிரகாசத்தையும் தூக்கினால், ஏற்கெனவே வெள்ளையை ஒட்டி நிற்கும் சட்டைதான் முதலில் அழியும். தூக்க வேண்டியது முகத்தின் நிழலை மட்டும். படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்க உதவும் கர்வ் கருவியில் இருண்ட பகுதியைக் கொஞ்சமாக ஏற்றி, சட்டை இருக்கும் மேல் முனையை அசையாமல் நிறுத்துங்கள்.

முழுத்தாளில் சோதனை செய்யாதீர்கள். இருட்டறையில் வேலை பழகிய நாளிலிருந்து என் கை விடாத பழக்கம் டெஸ்ட் ஸ்ட்ரிப். படத்தின் மிக முக்கியமான இடமும் மிக இருண்ட இடமும் சேர்ந்து வரும்படி, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை இறுதி அளவிலேயே வெட்டி எடுத்து அச்சிடுவது. சிறிதாக்கி அச்சிட்டால் பயன் இல்லை. நிழலின் நுட்பம் அளவோடு மாறும். உங்கள் படத்தில் கன்னத்திலிருந்து சட்டைக் காலர்வரை ஒரு துண்டு எடுத்தேன். நிழலை நான்கு படியாக ஏற்றி ஒரே தாளில் நான்கையும் பக்கம் பக்கமாக அச்சிட்டேன். ஒவ்வொன்றின் பின்னாலும் எவ்வளவு ஏற்றினேன் என்று பென்சிலால் குறித்திருக்கிறேன். ஒரு மணி நேரம் காயவிட்டு ஜன்னலோரம் பார்த்தபோது மூன்றாவதில் கண்ணுக்குள் ஒளிப்புள்ளி வந்திருந்தது. காலரின் தையலும் போகவில்லை. நான்காவதில் முகம் இன்னும் தெளிவு, ஆனால் வாசற்படியின் நிழல் கலங்கிவிட்டது. அவர் உட்கார்ந்திருக்கும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. எனக்கு மூன்றாவதுதான். கீற்றை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அவரை நேரில் பார்த்தவர் நீங்கள். நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. உங்கள் இரண்டாவது அச்சில் மட்டும் தோலில் ஒரு செம்மை ஏறியிருக்கிறது. மென்பொருளும் பிரிண்டர் டிரைவரும் இரண்டும் நிறத்தைத் திருத்தினால் இப்படித்தான் ஆகும். நிறப் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். மென்பொருளில் அந்தத் தாளுக்குரிய ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) தேர்ந்தெடுத்தால், டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும்.

கேள்வி: நான் நீர்வண்ண ஓவியம் வரைகிறேன். ஸ்கேன் செய்து அச்சிட்டால் மெல்லிய வண்ணப்பூச்சுகள் காணாமல் போகின்றன. பளீரென்ற ரோஜா நிறம் செத்துப்போகிறது. தாளின் நிறம் ஒரு மங்கலான பெட்டிபோல் ஓவியத்தைச் சுற்றி அச்சாகிறது.

பதில்: மூன்று குறைகளுக்கும் மூன்று காரணங்கள்.

மெல்லிய பூச்சு போவது பெரும்பாலும் ஸ்கேனர் மென்பொருளின் தானியங்கித் திருத்தத்தால். அது படத்திலேயே மிக வெளிச்சமான இடத்தைத் தேடிப் பிடித்து வெள்ளையாக்கும். விடியற்கால வானத்துக்கு நீங்கள் ஒரே ஒரு தூரிகை நீரில் கரைத்துப் பூசிய நீலம் அந்த வெள்ளையோடு சேர்ந்து போய்விடுகிறது. தானியங்கி என்று பெயர் இருக்கும் எல்லாவற்றையும் அணையுங்கள். நிறத்துக்கு 16 பிட், சேமிக்க டிஃப் (தரம் குறையாத கோப்பு வகை), நிறவெளி, அதாவது கோப்பு பிடிக்கும் நிறங்களின் வரம்பு, அடோபி ஆர்ஜிபி. ஸ்கேன் முதலில் சப்பென்று இருக்கும். இருக்கட்டும். அதில் எல்லாம் இருக்கிறது, நீங்கள் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கேனரில் அடங்காத ஓவியத்தையும், மேடுபள்ளமான தாளையும் கேமராவில் எடுப்பதுதான் நல்லது. இரண்டு பக்கமும் ஒரே வகை விளக்கு, 45 டிகிரியில், சம தூரத்தில். கேமரா ஓவியத்துக்கு நேர் எதிரே, சாய்வில்லாமல் நிற்க வேண்டும். முதல் படத்தில் 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டையையும் சேர்த்து எடுத்துவையுங்கள். எண்ணெய் ஓவியம், வார்னிஷ் பூசிய ஓவியம் என்றால் விளக்குகளிலும் லென்ஸிலும் போலரைசிங் ஃபில்டர் போட்டுக் குறுக்காகத் திருப்பினால் பளபளப்பு மறைந்துவிடும். தூரிகைத் தடத்தின் மேடு தெரிய வேண்டுமென்றால் முழுவதும் மறைக்காமல் கொஞ்சம் விட்டுவையுங்கள்.

ரோஜா நிறத்துக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அது முழுமையாக வராது. பளீரென்று எரியும் அந்த ரோஜாக்களில் பல ஒளிர்நிறங்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் வாங்கித் தெரியும் நிறமாக வெளியே விடுகின்றன. பிரிண்டரின் மெஜந்தாவுக்கு அந்தத் திறன் இல்லை. தங்கப்பொடி, வெள்ளிப்பொடிக்கும் இதே கதி. இங்கே எண்களைத் துரத்தாமல் உறவுகளைப் பிடியுங்கள். ரோஜாவைச் சுற்றியுள்ள பச்சையைக் கொஞ்சம் அடக்கினால், பக்கத்தில் இருக்கும் ரோஜா தானே எழுந்து நிற்கும். ஓவியர் என்பதால் இந்த வித்தை உங்களுக்குத் தெரியாததல்ல. தூரிகையில் செய்வதைத் திரையில் செய்கிறீர்கள், அவ்வளவே.

அந்தப் பெட்டி என்னையும் மிகவும் படுத்தியது. உங்கள் அசல் தாளுக்கு ஒரு மஞ்சள் சாயல் இருக்கிறது. அச்சுத் தாளுக்கும் ஒன்று இருக்கிறது. ஒன்றின்மேல் இன்னொன்றை அச்சிட்டால் இரண்டு சாயலும் கூடி அழுக்காகிவிடும். சாயல் பொருந்தும் பருத்தித் தாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஓவியத்தில் வண்ணம் படாத இடங்களை வெற்று வெள்ளைக்குக் கொண்டுபோய், அங்கே அச்சுத் தாளையே பேசவிடுவதுதான் என் வழி. ஆனால் அதை ஒரே சொடுக்கில் செய்யாதீர்கள். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, வண்ணத்தின் விளிம்பு தாளில் கரையும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீர்வண்ணம் காயும்போது ஓரத்தில் ஒதுங்கும் அந்த மெல்லிய கருங்கோடும், அழிக்காமல் விட்ட பென்சில் கோடும்தான் கை வைத்த அடையாளம். ஒரு சின்ன ஓவியத்துக்கு இந்த ஒரு வேலைக்கே அரைநாள் செலவழித்திருக்கிறேன். அது வீண் போன அரைநாள் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

கேள்வி: கைப்பேசியில் எடுத்த படத்தை எவ்வளவு பெரிதாக அச்சிடலாம்?

பதில்: பிக்சலை 300ஆல் வகுத்தால் கையில் வைத்துப் பார்க்கும் அச்சின் அளவு அங்குலத்தில் கிடைக்கும். 4000க்கு 3000 பிக்சல் என்றால் சுமார் 13க்கு 10 அங்குலம். சுவரில் மாட்டி நான்கடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 200ஆல் வகுத்தாலும் போதும். 20க்கு 15 வரை போகலாம். செய்தியாக அனுப்பி வாங்கிய படத்தில் இந்தக் கணக்கு செல்லாது. வாட்ஸ்அப் போன்றவை வழியிலேயே படத்தைச் சுருக்கிவிடுகின்றன. எடுத்தவரிடம் அசல் கோப்பை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: சில அச்சுகளை "ஜீக்லே" என்று பெயரிட்டு அதிக விலைக்கு விற்கிறார்கள். அது தனி அச்சு முறையா?

பதில்: இல்லை. இங்க்ஜெட்தான். 1991இல் கலிஃபோர்னியாவில் இசைக்கலைஞர் கிரஹாம் நாஷ் தொடங்கிய நாஷ் எடிஷன்ஸ் அச்சகத்தில் வேலை பார்த்த ஜாக் டுகான் வைத்த பெயர் அது. பீய்ச்சுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தார். கலைஞர்களுக்கு அச்சிடும்போது "இங்க்ஜெட்" என்ற சொல் அலுவலகத் தாளை நினைவூட்டுகிறதே என்பதால் வேறு பெயர் தேவைப்பட்டது. அவர்கள் பயன்படுத்தியது ஐரிஸ் 3047 என்ற இயந்திரம். பத்திரிகை, விளம்பர அச்சுக்கு முன்மாதிரி எடுப்பதற்காகப் பிறந்தது. உருளையில் தாளைச் சுற்றி வேகமாகச் சுழலவிட்டு மையைப் பீய்ச்சும். அந்த அச்சுகளின் மென்மை அபாரம். ஆனால் மை சாய மை. ஆரம்பகால ஐரிஸ் அச்சுகள் பல சில ஆண்டுகளிலேயே மங்கத் தொடங்கின.

சாய மை தாளின் பூச்சுக்குள் கரைந்து இறங்குகிறது. ஒளியும் காற்றில் உள்ள ஓசோனும் அதை எளிதில் சிதைக்கும். நிறமி மையில் நிறம் நுண்துகளாக, துகளைச் சுற்றிப் பாதுகாப்புடன் இருக்கிறது. மேல்துகள் அடி வாங்கினாலும் உள்ளே நிறம் மிஞ்சும். 2000ஆம் ஆண்டு வாக்கில் எப்சன் நிறமி மையை மேசை பிரிண்டருக்குக் கொண்டுவந்த பிறகுதான் வீட்டில் நிலைக்கும் அச்சு எடுக்க முடிந்தது. எனவே பெயரைக் கேட்காதீர்கள். என்ன மை, என்ன தாள் என்று கேளுங்கள். "நூறு ஆண்டு" என்று யாராவது சொன்னால் எந்த நிலையில் என்றும் கேளுங்கள். அச்சு எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று சோதிக்கும் ஹென்றி வில்ஹெல்மின் ஆய்வகம் வெளியிடும் ஆண்டுக் கணக்குகள் கடும் ஒளியில் வேகப்படுத்திச் சோதித்து, நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் ஒளியில் இருப்பதாக வைத்துக் கணித்தவை. வெயில் விழும் சுவருக்கு அவை பொருந்தாது.

கேள்வி: மேட் (பளபளப்பில்லாத) தாளில் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. தாள் மோசமா?

பதில்: இரண்டு வாய்ப்புகள். முதலாவது, பிரிண்டர் தவறான கறுப்பைப் பயன்படுத்துகிறது. நிறமி பிரிண்டர்களில் மேட் தாளுக்கு ஒரு கறுப்பு, பளபளப்புத் தாளுக்கு வேறு கறுப்பு. டிரைவரில் தாள் வகையைத் தவறாகக் கொடுத்தால் மாறி விழும். மேட் தாளில் பளபளப்புக் கறுப்பு விழுந்தால் கரும்பலகையைத் துணியால் துடைத்ததுபோல் இருக்கும்.

இரண்டாவது, மேட் தாளின் இயல்பு. அதன் கரடான பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் அதன் ஆழ்ந்த கறுப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அடர்த்தி அளவில் (எண் கூடக் கூடக் கறுப்பு ஆழம்) மேட் தாள் 1.6, 1.7 என்று நிற்கும் இடத்தில் பாரிட்டா தாள் (பேரியம் சல்பேட் பூச்சுள்ள, மெல்லிய பளபளப்புத் தாள்) 2.3ஐத் தொடும். இரவுத் தெரு, ஈரக் கல், கறுப்பு யானையின் தோல் என்றால் நான் பாரிட்டாவை எடுப்பேன். மூடுபனி, கரிக்கோல் ஓவியம், நீர்வண்ணம் என்றால் பருத்தி மேட்டைவிட வேறு தாள் மனசுக்கு ஒப்பாது. தாளை வாங்கும் முன் ஒரு சின்ன புற ஊதா டார்ச் விளக்கை இருட்டில் அதன்மேல் அடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. இன்று பளிச்சென்று இருக்கும் அந்த வெண்மை காலப்போக்கில் ஓய்ந்து தாள் மஞ்சளாகத் தெரியும். விற்கும் அச்சுக்கு நான் அதைத் தொடுவதில்லை.

கேள்வி: பருத்தித் தாளில் அச்சிட்ட பிறகு அங்கங்கே வெள்ளைப் புள்ளி தோன்றுகிறது. மை தீர்ந்துவிட்டதா?

பதில்: மை தீரவில்லை. தாள்மேல் ஒட்டியிருந்த பஞ்சு இழையின் மேல் மை விழுந்தது. பிறகு இழை உதிர்ந்தது. அடியில் இருந்த வெள்ளை தெரிகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளி வட்டமாக இருக்காது, புழுபோல் நெளிந்திருக்கும். அச்சிடும் முன் தாளைச் சாய்த்துப் பிடித்து, அகலமான மென்மயிர்த் தூரிகையால் ஒரே திசையில் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் பூச்சு கெடும்.

கேள்வி: ஃபிரேம் போட்ட சில வாரங்களில் கண்ணாடியின் உள்பக்கம் புகைபோல் படிந்துவிட்டது. துடைத்தாலும் மறுபடி வருகிறது.

பதில்: அச்சு காயும் முன் ஃபிரேமுக்குள் போய்விட்டது. தொட்டால் உலர்ந்ததாகத் தெரியும். ஆனால் மையில் கலந்திருக்கும் கிளைகால் போன்ற கரைப்பான்கள் மெதுவாகத்தான் வெளியேறும். அடைத்துவிட்டால் போக வழியில்லாமல் கண்ணாடியில் படியும். இந்தப் பாடத்தை நான் ஓர் ஓவியரின் கண்காட்சியில் கற்றேன். நாள் நெருங்குகிறது என்று அன்று காலை அச்சிட்டதை அன்று மாலையே ஃபிரேமில் அடைத்துக் கொடுத்தேன். இரண்டாவது வாரம் பதினொரு படங்களின் கண்ணாடியிலும் பனி படர்ந்திருந்தது. பின்பலகையைக் கழற்றி ஒவ்வொன்றாகத் துடைத்துத் திரும்ப மாட்டினேன். அந்த ஓவியர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

இப்போது செய்வது இது. அச்சிட்ட அரைமணி கழித்து, அதன்மேல் பூச்சில்லாத சாதாரண வெள்ளைத் தாளைப் பரப்பி, சமமாக மூடி ஒரு நாள் வைக்கிறேன். மறுநாள் அந்தத் தாள் நெளிந்திருந்தால் கரைப்பானை உறிஞ்சியிருக்கிறது என்று பொருள். புதுத் தாள் மாற்றி இன்னொரு நாள். தாள் நெளியாமல் கிடக்கும் அன்றுதான் ஃபிரேம். கண்ணாடி அச்சைத் தொடாதபடி இடையில் மவுண்ட் அட்டை கட்டாயம்.

கேள்வி: பிரிண்டரை இரண்டு மாதம் தொடாமல் விட்டால் அச்சில் கோடு கோடாக வருகிறது.

பதில்: நாசிலில், அதாவது மை பீய்ச்சும் நுண்துளையில், மை காய்ந்துவிட்டது. நாசில் செக் (எல்லாத் துளையும் வேலை செய்கிறதா என்று காட்டும் சோதனை அச்சு) எடுத்துப் பாருங்கள். விடுபட்ட இடம் தெரிந்தால் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். தீராவிட்டால் அடுத்தடுத்து ஐந்தாறு முறை ஓட்டாதீர்கள், அது மையைக் குடித்துக் கழிவுத் தொட்டியை நிரப்பும். சில மணி நேரம் விட்டு மறுபடி முயலுங்கள். ஊறினால் அடைப்பு இளகும். வாரம் ஒரு முறை எல்லா நிறமும் கலந்த ஒரு சின்னப் படத்தை அச்சிட்டு வந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

கேள்வி: என் அச்சுகளில் கையெழுத்திட்டு விற்க ஆசை. எந்தப் பேனா? "3/25" என்று எழுதுவது எதற்கு?

பதில்: மேட் தாள் என்றால் பேனாவே வேண்டாம். படத்துக்குக் கீழே வெள்ளை ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். பென்சில் மங்காது, பரவாது. மிகக் கடினமான பென்சில் பூச்சைக் கீறிவிடும், மிக மென்மையானது தேய்ந்து அழுக்காகும். எச்பி சரியாக இருக்கும். பளபளப்புத் தாளில் பென்சில் பிடிக்காது. நிறமி மை நிரப்பிய மெல்லிய பேனாவை அதே தாளின் துண்டில் முயன்று பார்த்து, மறுநாள் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மொத்தம் 25 பிரதிகள், இது மூன்றாவது என்பது அந்தக் குறியின் பொருள். பிரிண்டரும் கோப்பும் உங்களிடமே இருப்பதால் இருபத்தாறாவதை அச்சிட யாரும் உங்களைத் தடுக்க முடியாது. அதனாலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: எண், தேதி, தாள், மை, அளவு, யாரிடம் போனது. வாங்கியவர் பத்து வருடம் கழித்து வந்து, "ஈரம் பட்டுக் கெட்டுவிட்டது, மாற்றித் தரமுடியுமா?" என்று கேட்பார். அப்போது பழைய அச்சை வாங்கிக் கிழித்துவிட்டு, அதே எண்ணில் அதே தாளில் புதிதாக எடுத்துக் கொடுங்கள். எனக்கு அப்படி இரண்டு முறை நேர்ந்திருக்கிறது. இரண்டு முறையும் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தாளின் பெயரையே நினைவுபடுத்திக்கொண்டேன்.